காது கேட்காத நாயிடம் சொன்னது

"வலிக்குமா சிஸ்டர்?" என்று கேட்கிற நோயாளியிடம், "வலிக்கும்" என்றுதான் அவர் சொல்வார்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தபோது அவர் அங்கே வார்டில் நர்ஸ். மற்ற நர்ஸுகள் எல்லாரும் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அம்புட்டுத்தான்" என்பார்கள். அவர் வாயிலிருந்து அது வராது. ஒருமுறை ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவருக்கு ஆபரேஷன் முடிந்து வயிற்றில் வைத்திருந்த குழாயை உருவ வேண்டியிருந்தது. மீசை வைத்த பெரிய ஆள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலிக்குமா என்று கேட்டார்.

"வலிக்கும். நான் பத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் நல்லாவே வலிக்கும். பொறவு எரியும். சாயங்காலத்துக்குள்ள அதுவும் அடங்கிரும்."

போலீஸ்காரர் முகம் வெளுத்துவிட்டது. சிஸ்டர் எண்ணி முடித்தபோது குழாய் தட்டில் கிடந்தது. "சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு" என்றார் போலீஸ்காரர். பாராட்டினாரா குறை சொன்னாரா என்று எங்களுக்குப் புரியவில்லை.

குறை சொன்னவர்களும் உண்டு. சிஸ்டர் பேஷண்டைப் பயமுறுத்துகிறார் என்று உறவுக்காரர்கள் டாக்டரிடம் போய் நிற்பார்கள். டாக்டர் கூப்பிட்டுக் கேட்டால், "பயமுறுத்தல டாக்டர். என்ன நடக்கும்னு சொன்னேன்" என்பார். டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்க மாட்டார். புதிதாக வந்த நோயாளிகள் அவரைக் கண்டு ஒதுங்குவதும், இரண்டு நாள் போனபின் அவர்தான் ஊசி போட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதும் அந்த வார்டில் சாதாரணம்.

நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள் நான். அவர் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். சொந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒல்லியாக, நிமிர்ந்து நடப்பார். பேசும்போது எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். அதனாலேயே பலருக்கு அவரிடம் பேச வராது.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் சொந்தக்காரர் ஒருவர் அப்போது வார்டில் படுத்திருந்தார். ஒரு மத்தியானம் அக்கா லேபுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"ஏட்டி, அவிய ஒன்னைய வேண்டாங்காவ. நாளைக்கு ஆள் விட்டுச் சொல்லுவாவ. ஒனக்கு இன்னைக்கே தெரியட்டும்னு வந்தேன்."

சொல்லிவிட்டு நின்றார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. நான் ரத்த சாம்பிள் டியூப்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன். அழுது முடிகிற வரைக்கும் நின்றார், பிறகு வார்டுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு அவர்மேல் கோபம். மறுநாள் சாயங்காலம் சேத்தூருக்கு ஆள் வந்தபோது அம்மா உடைந்துபோனாள். நான்தான் வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

அவர் ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் கேட்கவில்லை. ஆட்டோகிளேவின் நீராவியில் ஆபரேஷன் கருவிகள் வெந்துகொண்டிருந்தன, அதற்குக் காத்திருந்தோம், அவராகவே சொன்னார். மதுரையில் நர்ஸிங் படிக்கும்போது அண்ணன் போன் செய்திருக்கிறார். அம்மாவுக்கு மேலுக்கு முடியவில்லை, ஒரு எட்டு வந்துவிட்டுப் போ என்று. இவர் பஸ் ஸ்டாண்டில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டார். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஹாஸ்டல் கதை சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறார். தெருமுனை திரும்பியதும் வீட்டு வாசலில் பந்தல்.

"பையோட போயி நின்னேன். எல்லாரும் என் கையில இருக்க சாத்துக்குடியத்தான் பாத்தாவ" என்றார். ஆட்டோகிளேவ் சத்தம் போட்டது. எழுந்து போய் அணைத்தார்.

நாய் வந்ததும் ஆஸ்பத்திரி வழியாகத்தான். குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒருவர் வீட்டில் ராஜபாளையம் நாய் வளர்த்து விற்பவர். அப்போது போட்டிருந்த குட்டிகளில் ஒன்றுக்குக் காது கேட்கவில்லை. சுத்த வெள்ளையாகப் பிறப்பதில் சிலது அப்படி இருக்கும். "பாக்கதுக்கு ராசா மாதிரி இருக்கு சிஸ்டர், ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. கூப்பிட்டா வராத நாயி காவலுக்கு ஆகுமா?" என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அவர் டிஸ்சார்ஜ் ஆகிப் போன வாரமே அக்கா போய் வாங்கி வந்துவிட்டார். இளஞ்சிவப்பு மூக்கு, நீளக் கால்கள். அவர் பெயர் வைக்கவில்லை. "கேக்காத நாய்க்குப் பேரு எதுக்கு?" என்றார்.

ஆனால் அதனிடம் பேசினார், கையால். தரையைக் காலால் தட்டினால் அதிர்வு தெரிந்து திரும்பிப் பார்க்கும். உள்ளங்கையை விரித்தால் சாப்பாடு. காது நுனியை மெல்லக் கிள்ளினால் இப்போது வலிக்கப் போகிறது என்று அர்த்தம். தடுப்பூசி போடுவதற்கு முன்னால், முள் எடுப்பதற்கு முன்னால், கிள்ளாமல் எதையும் செய்ய மாட்டார். வெளியே போகும்போது அதன் நெஞ்சில் கையால் தட்டுவார். பகல் டியூட்டி என்றால் ஒன்று, நைட் என்றால் இரண்டு. நைட் டியூட்டி நாளில் அது வாசலில் காத்துக் கிடக்காது, உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிறகு அவர் ஜெர்மன் படிக்கத் தொடங்கினார். வாரக் கடைசியில் மதுரைக்குப் போய் வருவார். மூன்று பரீட்சைகள் தாண்டி, ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். நாயையும் கூட்டிக்கொண்டு போகப் போவதாக அவர் சொன்னபோதுதான் பேச்சு மாறியது. மனுஷரே போவதற்கு இத்தனை கஷ்டம், இதில் ஒரு செவிட்டு நாயா என்றார்கள்.

வேலைகள் ஒவ்வொன்றாக நடந்தன. கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவில் அடையாளத்துக்கு ஒரு சிப். அதன் பிறகு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. ஊசி வேலை செய்திருக்கிறதா என்று ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்து, அங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு லேபுக்கு அனுப்ப வேண்டும். கால்நடை டாக்டர் ரத்தம் எடுத்துத் தந்தார். டாக்டரிடம் அனுமதி கேட்டு எங்கள் லேபிலேயே நான் அதை மிஷினில் சுழற்றி, மேலே தெளிந்த சீரத்தைப் பிரித்து, ஐஸ் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். மனித ரத்தத்துக்கும் அதற்கும் பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.

விமானத்தில் பெரிய நாய்க்கு உட்கார இடம் கிடையாது. கூண்டில் போட்டு, சரக்கு வைக்கிற இடத்தில் ஏற்றுவார்கள். இருட்டாக இருக்கும். நெடுநேரம். அக்காவை உறுத்தியது அதுதான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"மயக்க மருந்து குடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"குடுக்கக் கூடாது. மூச்சுக்கு ஆகாது." என்றவர் என்னிடமே கேட்டார், "அதுட்ட முன்னாடியே எப்படிச் சொல்ல? பெட்டிக்குள்ள போட்டு மூடுவாவ, ஆடும், நான் பக்கத்துல இருக்க மாட்டேன், ஆனா எறங்குற எடத்துல நிப்பேன். இம்புட்டையும் கையால எப்படிட்டி சொல்ல?"

அவர் கண்டுபிடித்த வழி குட்டி யானை. சத்திரப்பட்டியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பேண்டேஜ் துணி ஏற்றி வருகிற சின்ன லாரி அது. டிரைவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தங்கமான மனிதர். நாயை 'குக்கா' என்பார். துணி இறக்கிவிட்டு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது கூண்டை ஏற்றித் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் நெஞ்சில் நிதானமாக மூன்று தட்டு. அது புதிது. அக்கா முன்னாலேயே பஸ் ஏறிப் போய் அங்கே நிற்பார்.

முதல் தடவை நாய் கம்பியைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். டிரைவர் பயந்துவிட்டார். "வேண்டாம் சிஸ்டர், குக்கா செத்துப்போகும், பாவம் எனக்கு" என்றார். அக்கா அதன் வாயைத் துடைத்துவிட்டு, "அடுத்த வாரம் மறுபடியும் போவோம்ணே" என்றார். அன்று எனக்கும் அவர் கல்நெஞ்சுக்காரர் என்றுதான் தோன்றியது. அடுத்த தடவை கடிக்கவில்லை, ஊளையிட்டது. தன் ஊளையே தனக்குக் கேட்காத நாய் ஊளையிடுவதைக் கேட்கச் சகிக்காது. அதற்கடுத்த தடவைகளில் அதுவும் நின்றது. மதுரை வரைக்கும் போய் வந்தார்கள். கடைசியில் மூன்று தட்டுத் தட்டினால் தானே கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிற அளவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் வேலையில் சேர வேண்டிய தேதியை ஜெர்மனியில் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் நாய் தேறிவிட்டது, ஆனால் ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் ஆக வேண்டும் என்பது விதி. அது முடியவில்லை. அவர் முதலில் போவது, நாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் வீட்டில் இருப்பது, லீவு கிடைத்ததும் வந்து கூட்டிப் போவது என்று முடிவானது.

கிளம்புகிற அன்று நான் கூட இருந்தேன். நாய் முன்னால் குந்தி உட்கார்ந்து கையைத் தூக்கினார். எத்தனை தட்டுவது என்று அவருக்கே தெரியவில்லை. கை அப்படியே நின்றது. பிறகு ஒன்றும் தட்டாமல் எழுந்து காரில் ஏறிவிட்டார்.

அண்ணன் போலீஸில் ஏட்டு. முரட்டு ஆளாகத் தெரிவார், ஆனால் நாயைக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் படுக்க வைத்திருந்தார். அது சரியாகச் சாப்பிடவில்லை. கேட் பக்கமே கிடந்தது. ஒரு காலையில் அண்ணன் மனைவி பால் வாங்கக் கேட்டைத் திறந்தபோது வெளியே போய்விட்டது. மதுரை ரோட்டில் மினி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கு எப்படிக் கேட்கும்?

மத்தியானம் அண்ணன் எனக்குப் போன் செய்தார். பின்னங்கால் நசுங்கிவிட்டது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோகிறோம், காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, தங்கச்சிட்ட சொல்லிராத. நாளைக்கு அவளுக்கு அங்க ஏதோ பரீட்சையாம். அது பாஸானாத்தான் அவிய நர்ஸுன்னே ஒத்துக்கிடுவாகளாம். கேட்டா, நாயி நல்லா இருக்குன்னு சொல்லிரு."

"அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியும், திட்டுவா. எங்கம்மா செத்தப்பவும் நாந்தான் போன் போட்டேன். இன்ன வரைக்கும் அவ என்னைய மன்னிக்கல. ஆனா நீயே சொல்லு, பஸ்ஸுல ஒத்தையா வாரவட்ட எப்படிச் சொல்ல முடியும்? வழியில எதும் ஆயிட்டா? அந்த ரெண்டு மணி நேரமாவது சிரிச்சுக்கிட்டு வரட்டும்னுதான் நெனச்சேன்."

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு எதுவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் அக்கா வழக்கம்போலக் கூப்பிட்டார். நாய் சாப்பிடுதாமா என்று கேட்டார். அவர் குரலில் பரீட்சைக்கு முந்தின நாளின் களைப்பு இருந்தது. நான் சொல்லிவிட்டேன்.

"அக்கா, நாய் அடிபட்டிருச்சு. உயிருக்கு ஒன்னுமில்லைங்காவ. ஆனா பின்னங்கால எடுத்துருவாவ. நாளைக்குக் காலைல ஆபரேஷன்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"கூட யாரு இருக்கா?"

"அண்ணன்."

"அவனா சொல்லச் சொன்னான்?"

"இல்லக்கா. சொல்ல வேண்டாம்னாரு."

"ம்" என்றார். பிறகு வார்டில் பேசுகிற அதே குரலில், "நீ காலைல போயிரு. மயக்க ஊசி போடுறதுக்கு முன்னாடி நீ அதுட்ட சொல்லணும். வேற யாருக்கும் தெரியாது" என்றார்.

லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் திருநெல்வேலி போனேன். அண்ணன் காக்கி பேண்டோடு மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாய் வெள்ளைத் துணியில் கிடந்தது, மூச்சு வேகமாக வந்தது. போனில் அக்காவின் பழைய வீடியோ ஒன்றை நாய்க்குக் காட்டலாம் என்று முந்தின நாளே அண்ணன் முயன்றிருக்கிறார். அது போனை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதாம். டாக்டர் ஊசியை எடுத்தார். நான் ஒரு நிமிஷம் என்று சொல்லி, குனிந்து அதன் காது நுனியை மெல்லக் கிள்ளினேன்.

அது கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு தலையைத் துணியில் இறக்கி வைத்தது. அவ்வளவுதான். அண்ணன் வெளியே போய்விட்டார்.

பரீட்சையில் அக்கா தேறவில்லை. அங்கே இன்னொரு வாய்ப்பு உண்டு, சில மாதம் கழித்து எழுதித் தேறினார். அதுவரைக்கும் உதவியாளர் வேலை பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. ஒருநாள் போனில் அக்காவே சொன்னார், "நீ சொல்லாம இருந்திருந்தா பாஸாயிருப்பேன்." உடனே அவரே, "சொன்னது சரிதான். ஆனா பாஸாயிருப்பேன். ரெண்டுமே நெசந்தான்" என்றார்.

தேறிய பிறகு லீவில் வந்தார். அண்ணன் வீட்டு வாசலில் நாய் மூன்று காலில் நின்றது. அவரைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு மெல்ல வந்து அவர் முழங்காலில் தலையை முட்டியது. அவர் வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். தையல் நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்றார். அண்ணனிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடும்போது அண்ணன் இலையில் அக்கா தானே சோறு போட்டார். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்தார்.

சென்னைக்குக் குட்டி யானையிலேயே போனோம். டிரைவர்தான் கட்டாயப்படுத்தினார். சென்னையில் கால்நடை அதிகாரிகள் நாயைப் பார்த்துச் சான்று கொடுத்தார்கள். படிவத்தில் நாயின் பெயர் என்ற இடம் வந்தபோது அக்கா யோசித்துவிட்டு 'வெள்ளை' என்று எழுதினார். விமான நிலையத்தில் எனக்கும் டிரைவருக்கும் உள்ளே வர அனுமதி கிடையாது. கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தோம். அவர் தரையில் மண்டியிட்டு அதன் நெஞ்சில் மூன்று தட்டுத் தட்டினார். பெட்டி தள்ளிக்கொண்டு போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நாய் தானே கூண்டுக்குள் போயிற்று. கவுண்டரில் இருந்த பையன் அவரிடம் சிரித்து ஏதோ சொன்னான், இவரும் ஏதோ சொன்னார், அவன் சிரிப்பு நின்றது. என்ன பேசினார்கள் என்று பிறகு கேட்டேன். "ஒன்னும் ஆகாது மேடம்னான். அது ஒனக்குத் தெரியாதே தம்பின்னேன்."

ஆட்கள் கூண்டைத் தள்ளிக்கொண்டு போனபோது அவர் விரல்கள் கம்பிக்குள் இருந்தன. கூடவே நாலைந்து எட்டு நடந்துதான் எடுத்தார்.

மறுநாள் முழுக்க நான் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

"வந்துட்டோம்ட்டி."

"நாய்?"

"இருக்கு. ஏர்போர்ட்டுலயே கூண்டத் தொறந்தேன், என்னையப் பாத்துச்சு, ஆனா வெளிய வரல. உள்ளயே படுத்துக்கிடுச்சு. நான் தரையில உக்காந்துட்டேன். ரெண்டு போலீஸ்காரவிய வந்தாவ. வழிய மறிச்சுக்கிட்டு என்ன பண்றீகன்னு கேட்டாவ. எனக்குப் படிச்ச ஜெர்மன் அம்புட்டும் மறந்துபோச்சு. பொறவு ஒவ்வொரு சொல்லாத் தேடிச் சொன்னேன். இதுக்குக் காது கேக்காது. காலு ஒன்னு இல்ல. ரொம்ப தூரத்துல இருந்து வருது. இழுத்தா பயந்துரும், அதுவா வரணும், செத்த நேரம் ஆகும்."

"அதுக்கு என்ன சொன்னாவ?"

"ஒன்னும் சொல்லல." அவர் குரல் கரகரத்தது. அதை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "ஒருத்தரு தொப்பியக் கழத்திக்கிட்டாரு. எங்களுக்கு முன்னாடி நின்னு, வாரவங்கள அந்தப் பக்கமாப் போகச் சொல்லிக் கைகாட்டிக்கிட்டே இருந்தாரு. அது எந்திரிச்சு வர்ற வரைக்கும் நின்னாவட்டி."